வாத்து, அல்வா, விண்கல்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் விந்தை அறிவியல் கேள்விகள்

செய்தித்தாளில் சிறு பெட்டிக்குள் வரும் விந்தைச் செய்திகளைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன். மாட்டுக்கு வரிக்குதிரைக் கோடு வரைந்தார்கள், வாத்துக்கு முகமூடி மாட்டினார்கள் என்பது போன்ற செய்திகள். அப்படி ஒன்று வந்துவிட்டால் கடைவீதியிலும் பஸ் நிறுத்தத்திலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது இன்றைய மாவட்ட எல்லையை வைத்து அல்ல. தாமிரபரணிக் கரை ஊர்கள், தேரிக்காட்டுக் கடற்கரை, மேற்கே மலையடிவாரம் எல்லாம் அதில் அடக்கம்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. செய்தி எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் "இதை எப்படி அளந்தார்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். வேடிக்கையின் பெரும்பகுதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பணகுடி, காவல்கிணறு பக்கம் சில நாள்களில் மலையடிவாரத்திலிருந்து பெரும் இரைச்சல் வருகிறதே, அங்கே என்ன நடக்கிறது?

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அங்கே இருக்கிறது. எஞ்சினைப் பறக்க விடுவதில்லை. மேடையில் இறுகப் பூட்டி, எரியவிட்டு, அழுத்தம், வெப்பம், அதிர்வு அனைத்தையும் பதிவு செய்கிறார்கள். நிலவுக்கும் செவ்வாய்க்கும் நம் கலங்களைத் தூக்கிச் சென்ற திரவ எரிபொருள் எஞ்சின்கள் இந்த மலையடிவாரத்தில் முழங்கிவிட்டுத்தான் புறப்பட்டன.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சி.இ.-20 என்னும் கிரையோஜெனிக் எஞ்சின். அதன் எரிபொருள் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அதை எரிக்க உதவும் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. சித்திரை வெயிலில் பணகுடிப் பாறை காலைச் சுடும் அதே வேளையில், கொஞ்ச தூரம் தள்ளி உலகின் மிகக் குளிர்ந்த திரவங்களில் ஒன்று குழாயில் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து எரிந்தால் வெளியே வருவது நீராவி.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக இந்த எஞ்சினைத் தகுதிப்படுத்திய கணக்கைப் பாருங்கள். நான்கு எஞ்சின்களை 39 முறை எரியவிட்டார்கள். மொத்தம் 8,810 விநாடிகள். குறைந்தபட்சத் தேவை 6,350 விநாடிகள்தான். ராக்கெட்டின் மேலடுக்கில் காற்றே இல்லாத இடத்தில் இந்த எஞ்சின் மூள வேண்டும் என்பதால், காற்றை உறிஞ்சியெடுத்த அறைக்குள்ளும் பற்றவைத்துப் பார்த்தார்கள். அந்த வரிசையின் கடைசிச் சோதனை 2024 பிப்ரவரி 13 அன்று மகேந்திரகிரியில் முடிந்தது. ஆள் ஏறும் வண்டி என்றால் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள் என்பதை அந்த இரைச்சல்தான் நமக்குச் சொல்கிறது. எனக்கு அது தொந்தரவாகத் தோன்றியதே இல்லை.

ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரன்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம்?

இலங்கைதான் காரணம்.

பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக, துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகின்றன. பூமி கீழே சுழல்வதால் சில நாள்களில் உலகம் முழுவதையும் அவை பார்த்துவிடும். அந்தப் பாதைக்கு ராக்கெட்டைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கைக்கு மேலே பறக்க நேரிடும். கழன்று விழும் அடுக்குகள் ஊர்மீது விழக்கூடாது அல்லவா? ஆகவே முதலில் தென்கிழக்காகச் சென்று, பிறகு வளைந்து தெற்கே திரும்புகிறார்கள். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டால் முடியாது. 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசெல்ல வடிவமைக்கப்பட்ட ராக்கெட் அது. வளைந்து போகச் சொன்னால் சுமையில் கணிசமான பங்கை இறக்கி வைக்க வேண்டியிருக்கும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை வெறும் கடல்.

"நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், அதனால் பூமியின் சுழற்சி ராக்கெட்டைத் தள்ளிவிடும்" என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கிழக்கு நோக்கி ஏவும்போது அது சரி. நிலநடுக்கோட்டில் பூமியின் தரை மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. ராக்கெட்டுக்கு அந்த வேகம் இலவசம். ஆனால் தெற்கே போகும் ராக்கெட்டுக்கு அது உதவாது. குலசைக்குக் கிடைத்த வரம் திறந்த கடல்தான்.

2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றே ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்றும் அங்கிருந்து கிளம்பியது. முத்தாரம்மன் தசராவுக்குக் காளியும் குறவனும் ராஜாவுமாக வேடம் புனைந்து ஊர் ஊராகத் திரண்டு வரும் அதே குலசை, இனி உலகச் செய்திகளில் ஏவுதளத்தின் பெயராகவும் அடிபடும். நினைக்கும்போதே மனம் துள்ளுகிறது.

நம் ஊரில் நிழலே விழாத நாள் உண்டாமே?

உண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை. திருநெல்வேலி வடக்கு அட்சரேகை 8.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்குப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வகுக்கப்பட்டது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உண்மையான நண்பகல் ஏறக்குறைய 12.20-க்கு வருகிறது.

மொட்டைமாடியில் சமதளமான இடத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். கொத்தனார் யாராவது வீட்டில் இருந்தால் ரசமட்டம் வைத்துத் தளத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 12.10-லிருந்து பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளரின் அடியிலேயே மறைந்துவிடும்.

இதை வைத்துப் பிள்ளைகள் பூமியையே அளக்கலாம். ஏப்ரலில் நமக்கு நிழல் இல்லாத அதே நாளில், சென்னையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு போன் செய்து, ஒரு மீட்டர் நீளக் குச்சியை நட்டு அங்குள்ள நண்பகலில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். அங்கே நண்பகல் ஏறக்குறைய 12.10-க்கு வரும். நிழல் சுமார் ஏழரை சென்டிமீட்டர் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் கோணம் 4.35 டிகிரி அளவு. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு தெற்குத் தூரம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். 4.35 டிகிரிக்கு 480 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? நாற்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கி வரும். பூமியின் சுற்றளவு அதுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்கு இது. நெல்லைப் பள்ளிகள் ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

பூமியின்மேல் விண்கல் விழப்போகிறது என்று செல்பேசியில் செய்தி வந்தது. பயப்பட வேண்டுமா?

எந்தக் கல் என்று பெயர் கேளுங்கள். அதிகம் சுற்றியவை இரண்டு.

முதலாவது 2024 ஒய்.ஆர்.4. 2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கி கண்டுபிடித்தது. 2032 டிசம்பர் 22 அன்று மோதும் வாய்ப்பு முதலில் ஒரு சதவீதம் என்றார்கள். அது ஏறிக்கொண்டே போய் 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் ஆனது. அடுத்த சில நாள்களில் ஏறக்குறையப் பூஜ்யமாகிவிட்டது. "விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்களே" என்று ஓர் அண்ணாச்சி கேட்டார். மாற்றிப் பேசவில்லை, அண்ணாச்சி. புதிதாகக் கண்ட கல் எந்த வழியே போகும் என்பது முதலில் ஒரு நீண்ட பட்டையாகத்தான் தெரியும். அந்தப் பட்டைக்குள் எங்கோ பூமி இருக்கிறது. மேலும் மேலும் கவனிக்கும்போது பட்டை குறுகுகிறது. பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்கும்வரை, குறுகிய பட்டையில் பூமியின் பங்கு கூடுகிறது, சதவீதம் ஏறுகிறது. இன்னும் குறுகியதும் பூமி வெளியே நின்றுவிடுகிறது. சதவீதம் சட்டென்று விழுகிறது. அளவீடு ஒழுங்காக நடந்தால் எண் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது அபோபிஸ். இதற்குப் பயப்பட வேண்டாம், நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 340 மீட்டர் அகலமுள்ள இந்தக் கல், நம் கடிகாரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றே கால் மணி அளவில் பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீட்டரில் கடந்து போகும். நம் வீட்டு டிவிக்கு ஒளிபரப்பைத் தரும் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டரில் இருக்கின்றன, அவற்றைவிட நெருக்கம். மோதாது, அடுத்த நூறு ஆண்டுகளுக்காவது ஆபத்து இல்லை என்று 2021-இல் ரேடார் அளவீடுகள் உறுதி செய்தன. இவ்வளவு பெரிய கல் இவ்வளவு அருகே வருவது மிக அரிது. அதுவும் சித்திரை முதல் நாள் விடியலில்! கனி காணக் கண்ணை மூடிக்கொண்டு எழுந்து வரும் வீடுகளில் அன்றைக்குச் சற்று முன்னதாகவே எழுந்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

திருநெல்வேலி அல்வா விண்வெளிக்குப் போகுமா?

அல்வா ஏற்கெனவே போய்விட்டது, நம்முடையது அல்ல என்பதுதான் குறை. 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லா கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு ஆகியவற்றைக் கொண்டுபோய் மற்றவர்களுக்கும் கொடுத்தார்.

விண்வெளி உணவுக்கு உதிராமல் இருப்பது முக்கியம். 1965-இல் ஜெமினி-3 கலத்தில் ஜான் யங் ரகசியமாக ஒரு சாண்ட்விச் கொண்டுபோனார். எடுத்ததும் துணுக்குகள் மிதக்கத் தொடங்கின. கருவிக்குள்ளோ மூக்குக்குள்ளோ போனால் ஆபத்து. அதனால்தான் இன்றுவரை ரொட்டித் துண்டுக்குப் பதிலாக மெக்சிக்கோ நாட்டு மெல்லிய டார்ட்டில்லாவைக் கொண்டுசெல்கிறார்கள். இந்த விதத்தில் நம் அல்வாவுக்கு முதல் வகுப்பு மதிப்பெண். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டிய பண்டம் வழுக்குமே தவிர உதிராது. வழியும் நெய் மிதக்காமல் இருக்க நல்ல உறை மட்டும் வேண்டும். எடையற்ற நிலையில் உடலின் நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கடைத்துக்கொள்வதால் ருசி மங்கும் என்று விண்வெளி வீரர்கள் சொல்கிறார்கள். அங்கே நெய்மணம் எவ்வளவு எட்டும் என்பது எனக்கு உண்மையிலேயே ஆவலான கேள்வி.

"தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அந்த ருசி வராதே" என்று ஆச்சிமார் உடனே சொல்வார்கள். அங்கே கிடைப்பது வியர்வையையும் சிறுநீரையும் தூய்மை செய்து மீட்ட நீர். 98 சதவீதம்வரை மீட்க முடிகிறது என்று 2023-இல் நாசா அறிவித்தது. ஆகவே இங்கேயே கிண்டி அனுப்புவதுதான் நல்லது.

கூந்தன்குளத்துக்கு வரும் வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்திலேயே என் மனதுக்கு மிக நெருங்கிய கேள்வி இதுதான்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் பறவைகளில் வரித்தலை வாத்தும் ஒன்று. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் போன்ற மத்திய ஆசிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டித் தெற்கே வரும் இனம். எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும் என்று கதையாகச் சொல்லி வந்தார்கள். பிறகு பறவைகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி அளந்தார்கள். அப்படிப் பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்டின் உயரம் 8,849. கதை கொஞ்சம் குறைந்தது, ஆனால் அளவீடு வேறொரு வியப்பைக் கொண்டுவந்தது. ஒரே உயரத்தில் பறப்பதைவிட, மலையின் மேடுபள்ளத்தை ஒட்டி ஏறி இறங்கிப் பறப்பதே அதற்குச் செலவு குறைவு. ஏறிய உயரத்தை இழந்து மறுபடி ஏறினாலும், அடர்த்தியான காற்றில் சிறகடிப்பது அத்தனை எளிதாக இருக்கிறதாம்.

காற்று அவ்வளவு மெலிந்த இடத்தில் மூச்சு எப்படிப் போதுகிறது? சில ஆய்வாளர்கள் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைத் தாய்போல் கூடவே இருந்து வளர்த்தார்கள். வளர்ந்ததும் காற்றுச் சுரங்கத்தில், முகமூடி வழியே ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்துப் பறக்கவிட்டார்கள். வாத்துகள் இதயத்தைத் தாறுமாறாக அடிக்கவிடவில்லை. உடலின் ஆற்றல் தேவையைக் குறைத்துக்கொண்டன. ரத்தம் சற்றுக் குளிர்ந்தது. குளிர்ந்த ரத்தம் ஆக்சிஜனை அதிகம் பிடித்துவைக்கும்.

அந்த வாத்துகளை வளர்த்தவரின் பெயர் ஜெசிக்கா மேயர். ஆய்வுக் கட்டுரை 2019 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியானது. அதே மாதம் 25-ஆம் தேதி அவரே விண்வெளிக்குப் புறப்பட்டார். அக்டோபர் 18 அன்று கிறிஸ்டினா கோக்குடன் சேர்ந்து, பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் விண்நடையை மேற்கொண்டார். குறைந்த காற்றில் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று வாத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், காற்றே இல்லாத வெளியில் இறங்கி வேலை பார்த்தார்! கூந்தன்குளத்து மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று வெடி வெடிக்காமல் பண்டிகை கொண்டாடுகிறவர்கள். அவர்களிடம் இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பறவைகளைப் பற்றி அவர்களுக்கு இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகப் பிறக்கிறது.

2024 மே மாதம் லடாக்கில் வானம் சிவந்ததே, அந்தத் துருவ ஒளி நம் ஊரில் தெரியுமா?

தெரியாது. மே 10, 11 தேதிகளில் வந்தது 2003-க்குப் பிறகு மிக வலுவான சூரியப் புயல். ஆனாலும் லடாக்கின் ஹான்லே வரைதான் அந்தச் சிவப்பு எட்டியது. சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவங்களின் பக்கம் இறங்குகின்றன. நம் தலைக்கு மேலே அந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடுகின்றன. இறங்குவதற்கு வழியில்லை.

ஆனால் இதே காரணத்தால் துருவத்தில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டி, தரைக்குமேல் நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. காந்தமானிக்குத் தெரியும். இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்த நடுக்கோடுதான் காரணம்.

இந்த மின்னோட்டத்தைக் கவனிக்க நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. சிற்பத்துக்காக எல்லோரும் கிருஷ்ணாபுரம் போகிறோம். ஆய்வகத்தைப் பற்றி அதே ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியவில்லை. திருநெல்வேலியில் பதிவாகும் காந்தப்புல மாறுதலிலிருந்து மும்பைக்கு அருகிலுள்ள அலிபாகில் பதிவாவதைக் கழிக்கிறார்கள். அலிபாக் நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே இந்த மின்னோட்டத்தின் தாக்கம் இல்லை. மீதி வருவது நம் தலைக்கு மேலே ஓடும் மின்னோட்டத்தின் அளவு. உலக ஆய்வுக் கட்டுரைகளில் திருநெல்வேலியின் பெயர் அல்வாவுக்காக வருவதில்லை, இந்தக் கழித்தல் கணக்குக்காக வருகிறது.

இன்னொரு செய்தி. காந்த ஆய்வகம் முதலில் மும்பை கொலாபாவில்தான் இருந்தது. நகரத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கினால் அளவீடு கெட்டுவிடும் என்று 1904-இல் அலிபாகுக்கு மாற்றினார்கள். அமைதியான இடத்தைத் தேடிக் கருவிகளும் ஊர் மாறுகின்றன!

3ஐ அட்லஸ் வேற்றுக்கிரகத்தாரின் கப்பலா?

இல்லை, வால்வெள்ளி. 2025 ஜூலை 1 அன்று கண்டுபிடிக்கப்பட்டது. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக அறியப்பட்ட மூன்றாவது பொருள். 2017-இல் ஓமுவாமுவா, 2019-இல் போரிசோவ் அதற்கு முன்னால் வந்தவை. டிசம்பர் 19 அன்று பூமிக்கு மிக நெருங்கியபோதும் சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளியே போனது. வேறொரு விண்மீனின் பிறப்பிடத்திலிருந்து உடைந்து வந்த பனியையும் தூசியையும் இங்கிருந்தே ஆராய முடிகிறது என்பது கப்பல் கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ராத்திரியில் வானத்தில் ரயில் பெட்டிபோல் வரிசையாக விளக்குகள் போயின. என்ன அது?

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஒரே ராக்கெட்டில் கொத்தாக ஏவப்பட்டவை முதல் சில நாள்கள் அடுத்தடுத்து ஒரே தடத்தில் போகும். பிறகு உயரம் ஏறி விலகிக்கொள்ளும். அவற்றில் விளக்கு கிடையாது. தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால் மின்னுகின்றன. அதனால்தான் மாலையிலும் விடியலுக்கு முன்பும் மட்டும் தெரிகின்றன.

பூமி வேகமாகச் சுற்றுகிறதாமே, நாள் குறைந்துவிடுமா?

2024 ஜூலை 5 அன்று நாள் 1.66 மில்லிவிநாடி குறைந்தது. அணுக்கடிகாரத்துக்கு மட்டும்தான் தெரியும். பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட வேண்டாம்.

சிவகளையில் கிடைத்த இரும்பு ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்கள். விண்கல்லிலிருந்து எடுத்த இரும்பாக இருக்குமோ?

மிக நல்ல கேள்வி. கேட்டவர் பத்தாம் வகுப்பு மாணவி.

2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, சிவகளையில் ஈமத்தாழிகளில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கின்றன. அகமதாபாத், லக்னோ, அமெரிக்கா என வெவ்வேறு இடங்களிலுள்ள ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள். காலம் கணித்தது இரும்பை வைத்து அல்ல. அதனோடு இருந்த கரியையும் பானை ஓட்டையும் வைத்து. கரித்துண்டின் காலமும் இரும்பின் காலமும் ஒன்றுதானா என்பதில் தொல்லியலாளர்களிடையே விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் நடக்க வேண்டும். அண்டை ஊர்களிலும் அதே காலம் கிடைத்தால் வாதம் வலுப்படும்.

விண்கல் இரும்பைப் பற்றிய சந்தேகத்துக்கும் அடிப்படை உண்டு. எகிப்தின் கெர்சேவில் கி.மு. 3200-ஐ ஒட்டிய இரும்பு மணிகள் விண்கல்லால் ஆனவை. துட்டன்காமனின் குறுவாளும் அப்படியே என்று 2016-இல் ஊடுகதிர் வைத்துக் காட்டினார்கள். கண்டுபிடிக்க வழி நிக்கல். விண்கல் இரும்பில் நிக்கல் அதிகம். அந்தக் குறுவாளில் ஏறக்குறைய 11 சதவீதம். தாதுவை உலையில் உருக்கிப் பிரித்த இரும்பில் அது மிகக் குறைவு. ஆகவே எந்தப் பழைய இரும்பைப் பற்றிச் செய்தி வந்தாலும் "நிக்கல் எவ்வளவு?" என்று கேட்கலாம். துருப்பிடித்துப் போனவற்றில் நிக்கலும் கரைந்து போயிருக்கும் என்பதால் உள்ளே உலோகம் மிஞ்சியிருக்கும் துண்டாகப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரியா தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. கேள்வி கேட்ட அந்தப் பெண் வளர்ந்து, இங்கேயே தோண்டி, இங்கேயே அளந்து சொல்லும் காலம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாட்டுக்கு வரிக்குதிரைக் கோடு போட்டால் ஈ கடிக்காதாமே?

குறையும். ஜப்பானில் ஆறு கறுப்பு மாடுகளைக் கொண்டு செய்தார்கள்; 2019-இல் வெளியான ஆய்வு அது. வெள்ளைக் கோடு போட்டபோது கடிக்கும் ஈக்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. "சாயத்தின் நாற்றத்துக்கு ஈ ஓடியிருக்கும்" என்று யாராவது சொல்வார்கள் என்று எண்ணி, கறுப்பு மாட்டின்மேல் கறுப்புச் சாயத்திலேயே கோடு போட்டும் பார்த்தார்கள். ஈ குறையவில்லை. ஆக, வேலை செய்தது கோடுதான். அந்தக் கறுப்புமேல் கறுப்புக் கோட்டுக்காகவே இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும்.

2025-இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு. நம் பக்கத்து மாநிலமான கேரளத்துக்கும் 2002-இல் ஒன்று வந்திருக்கிறது. யானையின் தோல்பரப்பு எவ்வளவு என்பதை அதன் உயரத்தையும் முன்னங்கால் பாதத்தின் சுற்றளவையும் வைத்துக் கணக்கிடும் சூத்திரத்துக்கு. உடலின் வெப்பம் தோல் வழியே எவ்வளவு வெளியேறும் என்று அறியப் பரப்பு தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் மறைந்த நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே அளவுநாடாவைத் தேடுகிறார்கள்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் பூசும் கையோடு கோடும் போடலாமா என்றால், தோலுக்குத் தீங்கு செய்யாத சாயம்தானா என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாயேஜரில் தமிழ் இருக்கிறதா?

இல்லை. 1977-இல் நாசா அனுப்பிய இரு வாயேஜர் விண்கலங்களிலும் உள்ள தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் வங்காளமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். வருத்தத்தோடு அந்தக் கலத்தின்மேல் அன்பும் இருக்கிறது. 2023 நவம்பரில் வாயேஜர்-1 உளறத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டிருந்தது. அங்கிருந்த நிரல் துண்டுகளைப் பிரித்து மிச்சமிருந்த இடங்களில் அடைத்து அனுப்பினார்கள். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் மேல், பதில் வர அதே அளவு. 2024 ஏப்ரல் 20 அன்று சரியான பதில் வந்தது. 2026 நவம்பரில் அந்தத் தொலைவு ஓர் ஒளிநாள், அதாவது ஒளி ஒரு நாளில் கடக்கும் சுமார் 2,590 கோடி கிலோமீட்டர்.

பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இயங்குகிறது. சனி, ஞாயிறில் கூட்டம் இருக்கும். முடிந்தால் வேலை நாளில் போங்கள், ஒவ்வொரு கருவியையும் நின்று தொட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும். வானக் காட்சி எந்த நேரத்தில் என்று டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். கேள்விகளை அங்கேயே எழுதிக்கொள்வார்கள்.